கொம்பு முளைத்த வால்நட்சத்திரமும் கூட்டம் முடியாத ஊரும்

பொழுது நிற்கிற அலவன்துறைக்கு வழி கேட்டால், சனிக்கிழமை சாயங்காலம் எந்த பஸ்ஸில் வேண்டுமானாலும் ஏறிக்கொள், ஆற்றுப் பாலத்தின் மேல் டிரைவர் எந்த இடத்தில் ஹெட்லைட்டை அணைக்கிறாரோ அதற்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள் என்பார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருட்டு, கொசு, வீட்டுக்கு வீடு சீரியல் அழுகை. அந்தப் பக்கம் மஞ்சள் வெயிலில் மாடு மேய்ந்துகொண்டிருக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள், சூரியன் ஐஸ் பேக்டரித் தண்ணீர்த் தொட்டியின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அருங்காட்சியகத்தில் கூட்டம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். டிரைவர் கண்டக்டரைப் பார்த்து, "இன்னைக்கு யாருய்யா சிறப்புரை?" என்று கேட்டுவிட்டுக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார்.

அருங்காட்சியகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் காற்றையும் மழையையும் அளந்துகொண்டிருந்த கட்டடம். அளக்கிற வேலை வேறு ஊருக்குப் போனபிறகு, அங்கே கிடந்த பாரமானி, மழைமானி, முள் ஒடிந்த கடிகாரம், மொட்டைமாடிக் கல்தூணில் ஈயம் காய்ச்சி ஊற்றி நட்டுவைத்த பித்தளைத் தொலைநோக்கி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பெயர்ப்பலகை எழுதி, 'அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம்' என்று வாசலில் போர்டு மாட்டிவிட்டார்கள். பகலில் யாரும் வருவதில்லை. வந்தவர்களும் ஃபேன் எங்கே ஓடுகிறது என்று பார்த்து அதன் கீழே நின்றார்கள். மக்கள் வராவிட்டால் மூடிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து மிரட்டல் வரவே, காப்பாட்சியர் மரகதம் சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கு மாலை நிகழ்ச்சி என்று ஒன்றை ஆரம்பித்தாள். ஒரு பேச்சு, ஒரு செய்முறை, இருட்டியதும் தொலைநோக்கியில் வானம். அவ்வளவுதான் அவள் நினைத்தது. நினைத்ததுதான் தப்பு.

அலவன்துறையில் ஒரு பேச்சு என்று ஒன்று கிடையாது. வரவேற்புரை வேண்டும். முன்னிலை வகிக்க நாலு பேர் வேண்டும், முன்னிலை வகித்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லை என்பதால் அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு வாழ்த்துரை வேண்டும். தலைமையுரை வேண்டும். பேச்சாளரை அறிமுகப்படுத்த ஒருவர், அந்த ஒருவரை அறிமுகப்படுத்த இன்னொருவர், நடுவில் எல்லாருக்கும் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கு யாரும் போர்த்தவில்லையே என்று ஞாபகம் வந்து அவருக்கும் ஒரு பொன்னாடை. இவ்வளவும் முடிந்து, பாரமானி பற்றிப் பேச வந்தவர் பாரமானி என்ற சொல்லைச் சொல்லும்போது பாதி நாற்காலி காலி. கடைசியில் நன்றியுரை. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் உதுமான் கனி எழுந்து மைக்கைப் பிடிக்கிறபோது, பந்தல்காரர் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருப்பார். கனி சார் அடுக்கிய நாற்காலிகளுக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையில்தான் சூரியன் முதல் தடவையாக நின்றது. குத்துவிளக்கை ஏற்றியபோது அது தண்ணீர்த் தொட்டி மேல் வந்து இறங்கியிருந்தது. கூட்டம் முடிந்தபோதும் அங்கேயே இருந்தது. நடுவில் எழுந்து போனால் நன்றாக இருக்காது என்று நினைத்ததோ என்னவோ. முன்வரிசையில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பந்தலுக்குள் இருந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அவர்களுக்கு எல்லாக் கூட்டத்திலும் பொழுது நின்றுபோனது போலத்தான் இருக்கும். வெளியில் இருந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். பூக்காரப் பவுனுவின் கூடையில் மல்லிகை மொட்டு விரிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. கோழிகள் கூண்டு வாசல்வரை வந்து, வெயிலைப் பார்த்து, திரும்பிப் போய், மறுபடி வந்து, கடைசியில் ஒன்றை ஒன்று கொத்திக்கொண்டன. இருட்டுகிறதற்கு முன்னால் குடிப்பதில்லை என்று கொள்கை வைத்திருந்த பெரிய மனிதர்கள் கடைச் சந்தில் நின்று வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிப்போனார்கள். பிறகு கூட்டம் முடிந்தது. சூரியன் பொத்தென்று விழுந்தது. பாலத்துக்கு அப்பால் உலகம் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்ததால், அலவன்துறை வானம், பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போன பையன் மாதிரி தலைதெறிக்க ஓடி மற்ற ஊர் வானத்தோடு சேர்ந்துகொண்டது. நட்சத்திரங்கள் விறுவிறுவென்று இடம் மாறின. நாய்கள் குரைத்தன. அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமையும் நின்றது. அதற்கடுத்ததும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கு வேறு வேலை இருந்தது. கட்டட வேலை மேஸ்திரிகள், பொழுது இருக்கிறவரை வேலை என்றுதானே பேச்சு என்று கொத்தனார்களிடம் சொல்லிப் பார்த்து உதை வாங்கப் பார்த்தார்கள். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் பெரிய யோசனை நடந்தது. கனி சார்தான் எழுந்து, "பாலத்துக்கு அந்தாண்ட பொழுது விழுந்தாச்சுல்ல, அல்லாவுக்கு ரெண்டு ஊரும் ஒண்ணுதான், கஞ்சியை எடுங்க" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தார். கல்யாண போட்டோக்காரர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள். தங்க வெளிச்சம் தீராமல் கிடைக்கிற ஊர் என்று எங்கெங்கோ இருந்து வேன் பிடித்து வந்தார்கள். மாப்பிள்ளைகளும் பெண்களும் கடற்கரை நெடுகத் தண்ணீரில் ஓடினார்கள், படகில் சாய்ந்தார்கள், கருவாட்டுக் களத்தில் கைகோத்து நின்றார்கள். "இன்னும் ஒருத்தரைப் பேசச் சொல்லுங்க மேடம், ரெண்டு ஜோடி பாக்கி இருக்கு" என்று கேமராக்காரர்கள் மரகதத்தின் வாசலில் வந்து நின்றார்கள்.

"இது மியூசியம் தம்பி. ஸ்டூடியோ இல்ல."

"ஸ்டூடியோல இவ்வளவு நல்ல லைட்டு கெடைக்காது மேடம்."

கூட்டத்தைச் சீக்கிரம் முடித்தால் பொழுது ஒழுங்காக விழுமே என்று ஒரு யோசனையும் வராமல் இல்லை. பேரூராட்சிக் கட்டடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். யாரை வெட்டுவது? வரவேற்புரையை வெட்டினால் வணிகர் சங்கத் தலைவர் கோபித்துக்கொள்வார். வாழ்த்துரையில் ஒருவரை வெட்டினால் மற்றவரை ஏன் வெட்டவில்லை என்று அவருடைய தெருவே கேட்கும். ஒரு மனிதனைப் பார்த்துப் பேச்சை நிறுத்து என்று சொல்வதைவிடச் சூரியனைப் பார்த்து நில் என்று சொல்வது எளிது, அதுதான் சொல்லாமலே நிற்கிறதே என்று எல்லாரும் ஒருமனதாக ஒத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

இந்த இடத்தில்தான் குஞ்சிதபாதம் புகுந்தார். மூன்று கல்லூரிக்கும் ஒரு டிராக்டர் ஷோரூமுக்கும் சொந்தக்காரர். ஊர் அவரைக் கல்வித் தந்தை என்று அழைத்தது. முதலில் அழைத்தது அவருடைய சொந்த போர்டுதான், ஊர் அதைப் படித்துப் பழகிக்கொண்டது. தலைமையுரை எப்போதும் அவருடையது. சூரியன் நிற்பதற்குக் காரணம் தன் பேச்சு என்று அவருக்கு ஒருநாள் பட்டது. மறுநாள் காலை பாலத்திலிருந்து பஸ் நிலையம்வரை போர்டு. கூப்பிய கையோடு அவர், பின்னால் பெரிதாக ஒரு சூரியன், அதுவும் கைகூப்பிக்கொண்டிருந்தது. 'பொழுதையும் அமர வைத்த பேச்சே!' என்று எழுதியிருந்தது. இதற்கு ஆட்சேபம் சொல்லச் சூரியனுக்கு வழியில்லை. மாலை நிகழ்ச்சி, மாலைப் பெருவிழாவானது. மரகதம் வைத்திருந்த செய்முறையை நேரம் கருதி எடுத்துவிட்டார்கள். வானம் பார்ப்பதையும் எடுத்துவிட்டார்கள். வானம் எங்கே ஓடிவிடப்போகிறது?

ஓடிவிடும் என்பது மரகதத்துக்குத் தெரியும்.

கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு படம் இருந்தது. அந்த நிலையத்தின் முதல் அதிகாரியான வெள்ளைக்காரர் மொட்டைமாடித் தொலைநோக்கியில் பார்த்து வரைந்த வால்நட்சத்திரம். வால் ஒரு பக்கம் நீண்டிருந்தது. அது சரி. தலைக்கு முன்னால், வாலுக்கு நேர் எதிரே, சூரியனைக் குத்தப்போகிற மாதிரி ஒரு கொம்பு இருந்தது. அது சரியில்லை. 'வரைந்தவர் அன்று அளவுக்கு மீறிக் குடித்திருந்தார்' என்று அவருடைய மேலதிகாரி ஓரத்தில் எழுதி, ஆளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். இப்போது அதே வால்நட்சத்திரம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அருங்காட்சியகத்தில் பிழையான படத்துக்கு இடமில்லை, மாத முடிவுக்குள் இறக்கிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவும் வந்திருந்தது. கொம்பு தெரிவதாக இருந்தால் மூன்று சாயங்காலம் மட்டுமே தெரியும், அதுவும் இருட்டியவுடன் கொஞ்ச நேரம், மேற்கே அடிவானத்தை ஒட்டி. தொலைநோக்கி தூணோடு ஈயத்தில் உறைந்து நின்றது. தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்ட முடியாது. கொம்பு இருக்கிறதா இல்லையா? அந்த மனிதன் கண்டானா, குடித்தானா? மரகதத்துக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். அவளுக்கு இனிப்புப் பலகாரம் பிடிக்காது, மனிதர்களைக்கூட அவ்வளவாகப் பிடிக்காது. அந்தக் கொம்பைப் பிடிக்கும்.

அந்த மூன்று நாளும் வால்நட்சத்திரப் பெருவிழா என்று குஞ்சிதபாதம் அறிவித்துவிட்டார். மரகதம் அவருடைய அலுவலகத்துக்கே போனாள்.

"ஐயா, மூணு நாள்தான் தெரியும். இருட்டின கையோட பார்க்கணும். தாமதமானா இறங்கிடும்."

"அதுக்கென்னம்மா, தாராளமா பார்ப்போம். நான் நாலு வார்த்தை பேசிட்டு இறங்கிடறேன்."

"நீங்க பேசினா பொழுது நின்னுடுதுங்க. முடிச்சதும் வானம் ஒரே தாவா தாவுது. அந்தத் தாவுல அது அடிவானத்துக்குக் கீழ போயிடும்."

குஞ்சிதபாதம் பக்கத்தில் நின்ற ஆட்களைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்களாய்யா? நான் பேசினா நிக்குதுன்னு மியூசியத்தம்மாவே சொல்லிட்டாங்க. விஞ்ஞானம் படிச்சவங்க. இதையும் போர்டுல போட்டுடுங்க."

போட்டுவிட்டார்கள். மரகதத்தின் படத்தோடு.

முதல் நாள் கல்வித் தந்தை, வால்நட்சத்திரம் என்றால் என்ன என்று தொடங்கி, வாழ்க்கையில் தான் பட்ட கஷ்டத்துக்கு வந்து, டிராக்டரின் சிறப்புகளைத் தொட்டு, மறுபடி கஷ்டத்துக்குப் போனார். கூட்டம் முடிந்தது, சூரியன் விழுந்தது, வானம் தாவியது, மரகதம் மொட்டைமாடியில் நின்று தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி இருந்தது. இரண்டாம் நாள் அவருடைய மூன்று கல்லூரி முதல்வர்களும் அவரைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவரும் அவரைப் பற்றிப் பேசினார். மரகதம் பார்த்தபோது மறுபடி தண்ணீர்த் தொட்டி மட்டும்தான்.

மூன்றாம் நாள். குஞ்சிதபாதம் எழுந்து மைக்கின் கழுத்தைத் திருகித் தன் வாய்க்கு வைத்துக்கொண்டு, "நேரமாகிவிட்ட காரணத்தால் சுருக்கமாக" என்று ஆரம்பித்தார். சூரியன் தொட்டிமேல் சாய்ந்து, கண் சொக்கி, கேட்டுக்கொண்டிருந்தது. கேமராக்காரர்கள் கடற்கரையில் ஜோடிகளைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பிறந்த வீட்டின் கூரை எப்படி ஒழுகியது என்று சொல்லி முடித்து, இரண்டாவது வீட்டின் கூரைக்கு வந்தார். மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மரகதம் எழுந்தாள். மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையோடு திருப்பி அனுப்பப்பட்ட குரல் அவளுடையது. அந்தக் குரலை எடுத்து, தொண்டை நரம்பு புடைக்க, நாட்டுப்பண்ணைப் பாட ஆரம்பித்தாள்.

முதல் அடிக்கே நாற்காலிகள் தரையைத் தேய்த்தன. எல்லாரும் எழுந்தார்கள். எழாமல் என்ன செய்வது? வணிகர் சங்கம் நிமிர்ந்து நின்றது. கல்லூரி முதல்வர்கள் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டார்கள். கடற்கரையில் ஒரு மாப்பிள்ளை, பெண்ணைத் தூக்கிய கையோடு அப்படியே விறைத்து நின்றான். கல்வித் தந்தை ஒரு விரலை உயரத் தூக்கி, 'ஆகவே' என்ற வார்த்தையைப் பாதி வாய்க்குள்ளும் பாதி வாய்க்கு வெளியிலும் வைத்துக்கொண்டு, சிலையாக நின்றார். குரல் கர்ணகடூரம். ஆனாலும் நாட்டுப்பண்ணை நிறுத்து என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? பாட்டு முடிந்தது. பாட்டு முடிந்தால் கூட்டம் முடிந்தது என்பது நம்மூரில் கைக்குழந்தைக்கும் தெரியும், சூரியனுக்குத் தெரியாதா? நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, தொட்டிக்குப் பின்னால் குதித்துவிட்டது.

இருட்டியது. வானம் தாவியது. இன்று தாவ வேண்டிய தூரம் குறைவு. மரகதம் இரண்டிரண்டு படியாக ஏறி ஓடினாள். கீழே ஒரே அமளி. "நான் இன்னும் முடிக்கலய்யா!" என்று கல்வித் தந்தை கத்துவது கேட்டது. மைக்செட்காரன் பழக்கத்தில் வயரைப் பிடுங்கிவிட்டிருந்தான். ஜனங்கள், விட்டால் போதும் என்று செருப்பைத் தேடினார்கள்.

அவள் தொலைநோக்கியைத் திருப்பினாள். மங்கலாக ஒரு புகை. திருகைத் திருப்பினால் தெளியும், ஆனால் தெளிவதற்குள் அது கண்ணாடி வட்டத்திலிருந்து நழுவியது. பிடித்தாள். மறுபடி நழுவியது. தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஒரு சாண். அரைச் சாண். "இரு, இரு, இரு, சனியனே" என்றாள்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. கனி சார்.

"தம்பி, சொருகின வயரை மறுபடி புடுங்கிடாதே. நன்றியுரை இருக்கு. நன்றி சொல்லாம கூட்டம் எப்படி முடியும்?" என்று மைக்செட்காரனிடம் சொன்னதும் மைக்கிலேயே கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மதிப்பிற்குரிய" என்றார்.

வால்நட்சத்திரம் நின்றது.

நழுவவில்லை. நடுங்கவில்லை. ஏமாந்து முதலில் கிளம்பிப் போன சூரியனைத் தவிர, வானத்தில் இருந்த அத்தனையும், நன்றியுரைக்கு மரியாதையாக, இருந்த இடத்தில் நின்றன. மரகதம் திருகைத் திருப்பினாள். தலை தெரிந்தது. வால் தெரிந்தது. வாலுக்கு நேர் எதிரே, கீழே போன சூரியனைக் குத்துகிற மாதிரி, மெல்லிசாக, வெள்ளையாக, ஒரு கொம்பு.

"அடப்பாவி மனுஷா," என்றாள் மரகதம், "நீ குடிக்கவே இல்லையா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இருந்தது. அடுத்த நொடியே அவளுக்கு வேறொன்று உறைத்தது. அவள் ஒருத்தி பார்த்தாள் என்று எழுதினால் மேலிடம் என்ன எழுதும்? அவளும் அன்று குடித்திருந்தாள் என்று எழுதும். ஒருத்தி பார்த்தால் அது மயக்கம். ஊர் பார்த்தால்தான் சாட்சி. அவள் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் கீழே எட்டிப் பார்த்தாள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பொதுமக்கள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"கனி சார்! பேசுங்க! ஒருத்தரையும் விட்டுடாதீங்க!"

கனி சாரிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் ஒரு கணம் மைக்கைப் பார்த்தார். பிறகு, மேடையில் இருந்தவர்களை எல்லாம் விட்டுவிட்டு, கூட்டம் போட்ட ஒவ்வொரு வாரமும் பந்தல் வாசலில் மணலைக் கூட்டிவிட்டுப் போன செங்கமலத்துக்கு நன்றி சொன்னார். மொட்டு விரியாமல் நஷ்டப்பட்டும் குத்துவிளக்குக்குப் பூ கொடுத்த பவுனுவுக்கு நன்றி சொன்னார். மழையன்று தன் தார்ப்பாயை அவிழ்த்துப் பாரமானி மேல் போர்த்திய மீன் லாரிக்காரருக்கும், பேச்சு நடக்கும்போது குழந்தை அழுதால் வெளியே தூக்கிப்போன தாய்மார்களுக்கும், தூங்கினாலும் குறட்டை விடாத பெரியவர்களுக்கும் பேர் பேராக நன்றி சொன்னார். போஸ்ட்மாஸ்டர். ஊரில் அவருக்குத் தெரியாத பேர் இல்லை. தன் பேர் ஒலிபெருக்கியில் வந்ததும், பாதி வழி போனவர்கள் திரும்பினார்கள். "என் பேரையா சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர்களை மரகதம் மாடியிலிருந்து கைதட்டிக் கூப்பிட்டாள்.

"மேல வாங்க! ஒவ்வொருத்தரா வந்து பாருங்க! கொம்பு எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க!"

பவுனு பார்த்தாள். "ஆமா மியூசியத்தம்மா, முன்னாடி ஒண்ணு கூரா நிக்குது. இதுக்குப் போயா அந்த மனுசன் வேலையப் புடுங்கினாங்க?" லாரிக்காரர் பார்த்தார். கேமராக்காரர்கள் பார்த்தார்கள், தங்கள் கேமராவில் இது விழாது என்று வருத்தப்பட்டார்கள். வரிசை படிக்கட்டை நிறைத்து, கூடத்தைச் சுற்றி, வாசலுக்கு வெளியே தெருவில் இறங்கியது. அந்தக் கட்டடத்துக்குள் அத்தனை பேர் வந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு கனி சாரின் குரல் உடைந்தது. தண்ணீர் குடித்தார். இன்னும் இரண்டு பேர் சொன்னார். இருமினார். மைக்கில் வெறும் காற்று வந்தது.

"சார், அசையுது!" என்று தொலைநோக்கியில் இருந்தவர் அலறினார். வால்நட்சத்திரம் ஒரு நூல் இறங்கியிருந்தது.

மரகதம் கீழே பார்த்தாள். வரிசையில் பாதிக்கு மேல் பாக்கி. மேடையில் கனி சார் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேடை ஓரத்தில், மடியில் குவிந்த பொன்னாடைகளோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, குஞ்சிதபாதம் உட்கார்ந்திருந்தார். வேறு ஆள் இல்லை.

"ஐயா!" என்று கத்தினாள். "கல்வித் தந்தை அவர்களே! உங்க பேச்சைப் பாதியில நிறுத்திட்டீங்களே! வந்து முடிச்சுக் கொடுங்க!"

கல்வித் தந்தைக்கு இரண்டாம் அழைப்பு தேவைப்படவில்லை. மைக்கைப் பிடித்து, "ஆகவே" என்றார். வால்நட்சத்திரம் சட்டென்று நின்றது. அவர் இரண்டாவது வீட்டின் கூரையிலிருந்து தொடர்ந்தார், மூன்றாவது வீட்டுக்கு வந்தார், முதல் கல்லூரிக்கு அஸ்திவாரம் போட்டார். எதிரே அடுக்கிய நாற்காலிகள். ஊர் மொத்தமும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியேறியது. ஒருவர் காதிலும் ஒரு வார்த்தை ஏறவில்லை. அவருடைய கல்லூரி முதல்வர்கள் மூவரும் மெல்ல நழுவிப்போய் வரிசையில் நின்றுகொண்டார்கள். அவருடைய டிரைவரும் போனான். பார்த்துவிட்டு இறங்கியவர்கள் எல்லாரும், காளை மாட்டுக்கு இருக்கிற மாதிரி, இல்லை இல்லை ஊசி மாதிரி என்று அவர் மூக்குக்கு எதிரிலேயே சண்டை போட்டுக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது கல்லூரிக்கு வந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. மைக்கை விடாமலே கழுத்தைத் திருப்பி மொட்டைமாடியைப் பார்த்தார்.

"ஏம்மா," என்று ஒலிபெருக்கி கெஞ்சியது, "அது என்னதாம்மா அது? நானும் ஒரு தடவை வந்து பார்த்துடட்டுமா?"

மரகதம் தொலைநோக்கியில் அடுத்த ஆளின் தலையைப் பிடித்துச் சரியாக வைத்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பேசுங்க ஐயா. நிறுத்தினா இறங்கிடும்."